மேட்டுத் தவளை கத்தாது

"முப்பது வருஷமா அது தனி இனம்யா! இப்ப இவ வந்து, தனியும் இல்ல கினியும் இல்ல, கீழ இருக்கிறவனோட பொண்டாட்டிதான் மேல இருக்கிறதுன்னு சொல்றா!"

"மெதுவா சார். வராண்டா வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும். இவ என்ன, தவளைக்குக் கல்யாணத் தரகரா?"

உள்ளே இயக்குநர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். தட்டில் மூன்று கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு ஒன்றாக ஸ்பிரிட்டில் மிதக்கும் தவளை. கதவைத் தட்டக் கை இல்லை. முழங்கையால் ஒரு இடி இடித்துத் திறந்தாள்.

"தரகர் இல்ல சார். அதுங்க ஏற்கெனவே கல்யாணம் ஆனதுங்கதான். நீங்கதான் புருஷனை ஒரு வீட்லயும் பொண்டாட்டியை ஒரு வீட்லயும் பிரிச்சு வெச்சிருக்கீங்க."

அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மியூசியத்தின் இயக்குநர். இன்னொருவரை எல்லோரும் 'பெரிய சார்' என்பார்கள். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனாலும் தினமும் வந்து தன் பழைய நாற்காலியில் உட்காருவார். இயக்குநரும் அவர் மாணவர், அவளும் அவர் மாணவி. நாற்பதைத் தாண்டிய பிறகும் அவர் எதிரில் அவளுக்குத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. கோபம் வந்தால் பயம் போய்விடும் என்று சொல்வது பொய்யில்லை.

விஷயம் இதுதான். அந்த மலையில் அபூர்வமான தவளை இனம் இரண்டு உண்டு என்பது புத்தகக் கணக்கு. கீழே ஓடைக் கல்லிடுக்கில் உட்கார்ந்து விடாமல் கத்துகிற சின்னத் தவளை ஒன்று. பழுப்பு நிறம், தொண்டையில் ஊதிப் பெருக்கும் பை. அது ஓடைத் தவளை. மேலே முகட்டுப் புல்வெளியில் கல்லைப் புரட்டினால் எப்போதாவது அகப்படுகிற தவளை இன்னொன்று. உருவத்தில் பெரிது, முதுகில் பச்சை, சத்தமே போடாது. இது மேட்டுத் தவளை. இதைத் தனி இனம் என்று எழுதிப் பெயர் வைத்தவர் பெரிய சார். வைத்தது யார் பெயர்? அந்த வருஷம் இறந்துபோன தன் மனைவியின் பெயர்.

அவள் இரண்டு வருஷமாக மியூசியத்தில் இருந்த ஜாடி எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். ஓடைத் தவளை அத்தனையும் ஆண். மேட்டுத் தவளை மூன்றும் பெண். இது எப்படி யார் கண்ணுக்கும் படாமல் போயிற்று என்றால், தவளை பிடிக்கிற முறை அப்படி. சத்தத்தைக் கேட்டு, அந்தத் திக்கிலேயே போய்ப் பிடிப்பார்கள். கத்துவது ஆண் மட்டும்தான். அதனால் ஓடையில் அகப்பட்டதெல்லாம் ஆண். அவள் கணக்குப்படி, பெண் ஓடைக்கு இறங்குவது முதல் பெருமழைக்கு மட்டும். அந்த நேரத்தில் மலைப்பாதை வழுக்கும், அட்டை மொய்க்கும், ஜீப் ஏறாது. மழை ஓய்ந்து பாதை காய்ந்த பிறகுதான் படித்தவர்கள் பை தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குள் பெண் முட்டையிட்டுவிட்டு முகட்டுக்குத் திரும்பியிருக்கும். மேலே கல்லுக்கு அடியில் அதைப் பார்த்தவர், ஆகா புது இனம் என்றார்.

"வாயைத் திறந்து பாத்தேன் சார்," என்றாள், தட்டை மேசையில் வைத்து. "ஆணா இருந்தா, தொண்டைப் பைக்குள்ள காத்து போற ஓட்டை நாக்குக்குப் பக்கத்துல இருக்கணும். இந்த மூணுலயும் இல்ல."

"அதனாலதான்மா அது தனி இனம்! கத்தாத இனம். எழுதியிருக்கேனே, படிக்கலயா?"

"கத்தாததால தனி இனம். தனி இனம்கிறதால கத்தாது. இப்படியே சுத்திச் சுத்தி வந்தா எப்படி சார்? கீழ அத்தனையும் ஆம்பள, மேல அத்தனையும் பொம்பள. மலையில என்ன ஹாஸ்டலா நடக்குது?"

இயக்குநருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அடக்கிக்கொண்டார். "ஏம்மா, மரபணு சோதனை பண்ணிட்டா ஒரே நாள்ல தெரிஞ்சிடாதா?"

"பழசு மூணும் ஸ்பிரிட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபார்மலின்ல ஊறினது. அதுல ஒண்ணும் கிடைக்காது. வயித்தைக் கீறி முட்டை இருக்கான்னு பாக்கவும் சார் விட மாட்டேங்கிறார். புதுசா ஒண்ணு பிடிக்கணும்னா, அபூர்வ இனத்தைத் தொடறதுக்கு நிபுணரோட சம்மதம் வேணும். அந்த நிபுணர் யாரு?"

இயக்குநர் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் ஜன்னலைப் பார்த்தார்.

"அவ பேரை அழிக்கணும்னு எத்தனை நாளா நெனச்சிட்டிருந்தே?" என்று அவர் ஜன்னலிடமே கேட்டார்.

அதுவும் உண்மைதான். இரண்டும் ஒரே இனம் என்று ஆகிவிட்டால், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பின்னால் வைத்தது போய்விடும். ஓடைத் தவளைக்குத்தான் முதலில் பெயர் வைத்தார்கள்.

"நான் அவங்களைப் பாத்ததுகூட இல்ல சார்."

"அதான் உனக்கு சுலபமா இருக்கு."

இது வெறும் பெயர்ச் சண்டையாக இருந்தால் அவளும் விட்டிருப்பாள். மியூசியம் வெளியிட்ட பரவல் படத்தில் மலையின் அடியில் ஒரு நீலப் பட்டை, ஓடைத் தவளைக்கு. உச்சியில் ஒரு பச்சைப் பட்டை, மேட்டுத் தவளைக்கு. நடுச்சரிவு வெள்ளை. அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம். அந்த வெள்ளையின் வழியாகத்தான் புதுச் சாலை போகப் போகிறது. கீழே தொட்டால் சட்டம் குத்தும், மேலே தொட்டால் சட்டம் குத்தும். நடுவில் கேட்க நாதியில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மேலே இருக்கிற பெண் கீழே இறங்கி ஏறுகிற வழியே அந்த வெள்ளைதான். அதைக் குறுக்கே வெட்டினால் கீழே ஆண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். மேலே பெண்கள் முட்டையோடு சாகும். சில வருஷத்தில் மேலேயும் ஒன்றும் இருக்காது, கீழேயும் ஒன்றும் இருக்காது. யார் பெயர் நின்றால் என்ன, போனால் என்ன?

வீட்டுக்குப் போனால் அங்கே அடுத்த சண்டை. அந்தச் சாலைக்கு அளவெடுக்கிறவன் அவள் சொந்தத் தம்பி. சர்வேயர். முளைக்குச்சி அடித்து, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டு, சேறு காயாத பூட்ஸோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"பாதையை மாத்துடா."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? கை கழுவிட்டாவது வாக்கா."

"நடுச்சரிவுல வெட்டக் கூடாது. அது காலி இடம் இல்ல."

"காலின்னு யாரு சொன்னது, நானா? உங்க மியூசியம் போட்ட படம், உங்க சீல். கீழே போகாதேன்னீங்க, போகல. மேல போகாதேன்னீங்க, போகல. நடுவுல வெள்ளையா விட்டிருந்தீங்க, அதுல போட்டேன். இப்ப அங்கயும் போகாதேன்னா, ரோட்டைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு போகவா?"

"படம் தப்பு."

"தப்புன்னா திருத்திக் கொடு. திருத்துற வரைக்கும் என்கிட்ட ஏன் கத்துற?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. தப்புச் செய்தவனிடம் கோபப்பட்டால் மனது ஆறும். சரியாகப் பேசுகிறவனிடம் கோபப்பட்டால் அது திரும்பி நம் மேலேயே விழும்.

"ஒரு தவளைக்கு இவ்வளவு பேச்சா?" என்று அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "ரெண்டு பேரும் மலையை அந்த மூலையில இறக்கி வெச்சுட்டுச் சாப்பிடுங்க. ஏன்டி, அந்தப் பொம்பளத் தவளைக்கு வேற மலையே இல்லையா, மாத்திக்கிட்டுப் போக?"

"இல்லம்மா. உலகத்துலயே அந்த ஒரு மலைதான்."

"அப்ப அதுவும் என்னை மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது அவள் சொன்னாள், "முதல் மழை பிடிக்கட்டும். நீ வந்து உன் கண்ணால பாரு. இறங்கலேன்னா நான் வாயே திறக்கல."

"நீயா? வாயா?" என்றான் தம்பி. ஆனால் வருகிறேன் என்றான். மழையில் முளைக்குச்சி சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவனும் எப்படியும் போக வேண்டியிருந்தது.

மழை ஒரு மத்தியானம் பிடித்தது. பிடித்தால் விடாத மழை. ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். குடை இரண்டாவது வளைவிலேயே திரும்பிக்கொண்டது. தம்பி ஒவ்வொரு முளைக்குச்சியையும் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் மேலே பார்த்துக்கொண்டே வந்து இரண்டு தரம் விழுந்தாள்.

"அக்கா, கீழ பாத்து நட. தவளை வர்றதுக்குள்ள நீ போயிடுவே."

நடுச்சரிவில் ஒரு பாறைக்கு ஒதுங்கி நின்றார்கள். கீழே ஓடைப் பக்கம் ஆண்கள் கத்துவது மழையையும் மீறிக் கேட்டது, நூறு பேர் ஒரே நேரத்தில் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டுகிற மாதிரி. மேலே சத்தமே இல்லை. தம்பி கால் சட்டையைச் சுருட்டி அட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எத்தனை நேரம் நிக்கணும்?"

"பேசாம இரு."

முதலில் வந்தது ஒன்று. புல்லுக்குள்ளிருந்து தொப்பென்று விழுந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, மறுபடி தொப்பென்று. முதுகில் பச்சை. வயிறு பக்கவாட்டில் பிதுங்கி இருந்தது. வயிற்றுத் தோல் மெல்லியதாக இழுபட்டு, உள்ளே முட்டை வெள்ளையாகத் தெரிந்தது. அவள் தொடவில்லை. தொடச் சம்மதம் இல்லையே. போனில் படம் எடுத்தாள். பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் அந்தப் பக்கம் ஒன்று. ஒன்று நேராக வந்து சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சியில் முட்டி நின்று, சுற்றிக்கொண்டு கீழே போயிற்று.

தம்பி அட்டையை மறந்துவிட்டான்.

"அக்கா, இது மேட்டுத் தவளைதானே?"

"நீயே சொல்லு."

"மேட்டுத் தவளைக்கு நடுச்சரிவுல என்ன வேலை?"

"போய்க் கேளு."

அவன் முளைக்குச்சியின் மேல் கை வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தான். பார்த்தது சர்வேயர் பார்வை. "இங்க வெட்டு விழும்," என்றான். "ரெண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாச் சுவர் வரும். கீழ சிமென்ட்டுக் கால்வாய். இதுங்க மேல இருந்து விழுந்தா கால்வாய்க்குள்ள விழும். அதுல இருந்து ஏற முடியாது. திரும்பி மேல போகவே முடியாது." முளைக்குச்சியிலிருந்து கையை எடுத்தான். "கால்வாய் வரைஞ்சதும் நான்தான்."

ஓடைக்கு இறங்கியதும் மிச்சத்தையும் பார்த்தார்கள். பச்சை முதுகின் மேல் பழுப்பு ஒன்று ஏறிக் கட்டிக்கொண்டிருந்தது. கல்லுக்குக் கல் அப்படி ஒரு ஜோடி. அவள் அத்தனையையும் படம் எடுத்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ முப்பது வருஷம் இதை ஒருத்தரும் மழையில் வந்து பார்க்கவில்லையே என்று வயிறு எரிந்தது. தானும்தானே வரவில்லை என்பதில் இன்னும் எரிந்தது.

சாலைக் குழுவின் கூட்டம் ஒரு நீளமான ஹாலில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, கத்துகிற மின்விசிறி, மேசையில் தண்ணீர்ப் பாட்டில்கள். அவள் படங்களைத் திரையில் போட்டாள். குழுத் தலைவர் பெரிய சாரிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

பெரிய சார் எழுந்து நின்றார். "மழைக்காலத்துல ஆண் தவளைக்குக் கண்ணு தெரியாது. வேற இனத்தைக் கட்டிப்பிடிக்கும். என் செருப்பைக் கட்டிப்பிடிச்சிருக்கு. அதுக்காக என் செருப்பும் தவளை இனமா?"

ஹாலே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆண் தவளை செருப்பைக் கட்டிப்பிடிக்கும்தான். உண்மையை எடுத்து உண்மையின் மேலேயே எறிகிறாரே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி சார். செருப்பு இருக்கட்டும். ரெண்டே கேள்வி. மேட்டுத் தவளை கத்தி நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

"அது கத்தாத இனம்."

"கேட்டீங்களா, இல்லையா?"

மின்விசிறி மட்டும் கத்தியது. "கேட்டதில்ல," என்றார்.

"மேட்டுத் தவளையில ஒரு ஆணை நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்கு எத்தனை குறை இருந்தாலும் பொய் சொல்லி எழுதிய மனிதர் இல்லை. "பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தாள். தலைவர் பேனாவை மூடினார்.

"நல்ல ஆராய்ச்சிதான். ஆனா நாங்க வெளியான படத்தைத்தான் பாக்க முடியும். உங்க கட்டுரையை ஏத்துக்கிட்டு, படத்தை மாத்தட்டும். அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் பழைய படம்தான்."

"கட்டுரையைப் படிச்சு ஏத்துக்க வேண்டியவரே இவர்தான் சார்! இந்தத் தவளைக்கு வேற நிபுணர் இல்லைன்னு ஆராய்ச்சிப் பத்திரிகையில இருந்து இவர்கிட்டயே அனுப்பியிருக்காங்க!"

"அது உங்க உள்வீட்டு விஷயம்."

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். தம்பி எழுந்திருந்தான். "சார், நான் அந்த ரோட்டு சர்வேயர். நானும் பாத்தேன். நடுவுல காலி இல்ல சார்."

"நீங்க அளக்கப் போனீங்களா, தவளை பாக்கப் போனீங்களா?"

மறுபடி சிரிப்பு. தம்பியின் காது சிவந்தது. ஆனாலும் உட்காரவில்லை. "அளக்கத்தான் போனேன். தப்பா அளந்துட்டேன்னு சொல்றேன்," என்றான். அதைக் குறிப்பில் எழுத யாரும் பேனாவைத் திறக்கவில்லை. மழை விட்டதும் வேலை தொடங்கும் என்று கூட்டம் முடிந்தது.

வாசலில் பெரிய சார் குடையோடு நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

"பாசம் இருந்தா அவங்க போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு மாட்டுங்க சார். ஒரு மலையை வெட்ட விடாதீங்க."

"ஒரு பேரும் ஒரு போட்டோவும்தான்மா இருக்கு எனக்கு. அதுல ஒண்ணைக் கொடுன்னா எப்படி?"

"தவளை செத்துப்போச்சுன்னா பேரு மட்டும் நிக்குமா? அழிஞ்சு போன இனம்னு எழுதி, பக்கத்துல அவங்க பேரைப் போடுவாங்க. அதுவா வேணும் உங்களுக்கு?"

அவர் குடையை விரித்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் கை தன்னால் நீண்டு அதைச் சரி செய்து கொடுத்தது. அந்தக் கை மேலேயும் அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் கட்டுரை இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தினமும் வருகிறார், உட்காருகிறார், ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் வயிற்றையே பார்க்கிறார், வைத்துவிடுகிறார். தம்பியை வேறு சாலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நடுச்சரிவில் அவன் அடித்த முளைக்குச்சி அப்படியே நிற்கிறது. அடிவாரத்தில் மண் வெட்டும் மெஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மழை இன்னும் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, விட்டுவிடாதே என்று மழையிடம் சொல்கிறாள்.

கடைசி வரை படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்திலும் ஒரு மலை இருக்கும், அதற்கும் யாரோ படம் போட்டிருப்பார்கள், அதிலும் நடுவில் ஒரு வெள்ளை இருக்கும். முதல் மழையில் அந்த வெள்ளைக்குள் நீங்கள் எப்போதாவது நடந்திருக்கிறீர்களா? என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள்? மேட்டில் ஒரு தவளை கத்திக் கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அவள் தப்பு என்று ஆனாலும் பரவாயில்லை. லைக் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கீழே பதில் எழுதுங்கள்.